கூகைக்கு ஒரு பெட்டி

வீட்டுப் பக்கம் கூகை அலறினால் சாவு விழும் என்பது நம் ஊர்ப் பாட்டிகள் மட்டும் நம்பிய சங்கதி இல்லை. இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில், வேக்ஃபீல்டு நகருக்கு அருகே, ஏரி நடுவில் நிற்கிறது வால்டன் ஹால் என்ற மாளிகை. இருநூறு ஆண்டுகளுக்கு முன் அந்த வீட்டு நிர்வாகத்தைப் பார்த்துவந்த வயதான அம்மாளுக்கும் இதே பயம்தான். தன் இளவயதில் கூகை கத்தி எந்தெந்த வீட்டுக்குத் துக்கம் வந்தது என்று அவருக்கு நன்றாகவே தெரியும். அதனால் மாளிகைப் பக்கம் கூகையை அண்டவிடுவதில்லை.

1813ல் மாளிகையின் சொந்தக்காரர் சார்லஸ் வாட்டர்டன் தென்னமெரிக்காவின் கயானாக் காடுகளில் அலைந்துவிட்டு ஊர் திரும்பினார். வளாகத்தில் பழைய வாயில் கட்டடம் ஒன்று இடிந்து கிடந்தது. அதன் மேல் கல்லும் சாந்தும் வைத்து, நாலடிக்கு நாலடியில் ஓர் அறை கட்டினார். பறவை உட்கார, தடித்த ஓக் மரக்கழி ஒன்றை அழுத்தமாகப் பதித்தார். ஒரு மாதம் போல ஆனது. ஒரு ஜோடிக் கூகை வந்து குடியேறியது. இனி இந்தப் பறவைகள் மேலோ குஞ்சுகள் மேலோ கை வைத்தால் கழுத்தை நெரித்துவிடுவேன் என்று காவல்காரரிடம் சொல்லிவிட்டார். நிர்வாகி அம்மாளிடம் பேசிய தொனி வேறு: புதுக் குடித்தனக்காரர்களால் இந்த வீட்டுக்கு என்ன நோய்நொடி வந்தாலும், என்ன துக்கம் வந்தாலும், பொறுப்பு முழுக்க என்னுடையது. அம்மாள் குனிந்து வணங்கிவிட்டுப் போனாராம். எசமான் சொல்லுக்கு எதிர்ச்சொல் ஏது?

வாட்டர்டன் ஒரு விசித்திரமான ஆசாமி. கயானாவில் முதலை முதுகில் ஏறி உட்கார்ந்தவர். வேட்டைத் துப்பாக்கி உள்ளே நுழையக் கூடாதென்று, தன் தோட்டத்தைச் சுற்றி மூன்று மைல் நீளத்துக்கு மதில் எழுப்பினார். அதற்கு அந்தக் காலத்தில் பெருஞ்செலவு. பறவைகளைப் பாடம் செய்யும் கலையை அவர் ஜான் எட்மன்ஸ்டன் என்ற கறுப்பின அடிமைக்குக் கற்றுக்கொடுத்தார். விடுதலையாகி எடின்பரோவில் குடியேறிய எட்மன்ஸ்டனிடம் அதே கலையைக் காசு கொடுத்துப் படித்த மாணவர் சார்லஸ் டார்வின். இது நம் கதைக்குத் தேவையில்லைதான். சொல்லாமல் விட மனம் வரவில்லை.

கூகைமேல் அவருக்கு இருந்தது வெறும் பாசம் என்று ஒதுக்கிவிட முடியாது. கணக்கும் வைத்திருந்தார். குஞ்சுகள் இருக்கும் காலத்தில் பன்னிரண்டு, பதினைந்து நிமிடத்துக்கு ஒரு சுண்டெலி கூட்டுக்கு வந்து சேர்கிறது என்று எழுதினார். கூகை எலியை அப்படியே விழுங்கும். செரிக்காத எலும்பையும் மயிரையும் உருட்டி, கட்டைவிரல் பருமனில் கறுப்பு உருண்டையாகக் கக்கிவிடும். கூகையின் அறையைச் சுத்தம் செய்து பதினாறு மாதம் கழித்துப் பார்த்தால், ஒரு புஷலுக்கு மேல், அதாவது சுமார் 36 லிட்டர் கொள்ளளவுக்கு மேல், உருண்டைகள் குவிந்திருந்தன. ஒவ்வோர் உருண்டையிலும் நாலிலிருந்து ஏழு சுண்டெலிகளின் எலும்புக்கூடுகள். ஈரத்தில் ஊறவைத்துப் பிரித்தால் மண்டையோடு தனி, தாடை தனி, பல் தனி என்று வந்துவிடும். எந்த எலி, எத்தனை எலி என்று அதிலேயே எண்ணிவிடலாம். இன்றைக்கும் கூகை ஆய்வு என்றால் முதல் வேலை இந்த உருண்டைகளைப் பொறுக்குவதுதான்.

புறாக்கூட்டில் முட்டையைத் தின்பது கூகைதான் என்று அக்காலத்து வேட்டைக்காவலர்கள் அடித்துச் சொல்வார்கள். வாட்டர்டன் புறாக்கூட்டுக்குள் எலி புகாதபடி அடைத்தார். கூகைகள் வந்துபோவதை விட்டுவிட்டார். புறாக்குஞ்சுகள் ஏராளமாகப் பொரிந்தன. திருடன் யார் என்பது தெரிந்துபோயிற்று.

கூகைக்கு இடம் கொடுப்பது அதற்கு முன்பும் இருந்ததுதான். இங்கிலாந்தில் தானியக் களஞ்சியம் கட்டும்போது முக்கோணச் சுவரின் உச்சியில் ஒரு பொந்து விடுவார்கள். நெதர்லாந்தின் ஃப்ரீஸ்லாந்துப் பண்ணைவீடுகளில் கூரை உச்சியில் துளையிட்ட அலங்காரப் பலகை ஒன்று இருக்கும். அந்தத் துளை கூகைக்கான வழி. உள்ளே தானியம், தானியத்துக்கு எலி, எலிக்குக் கூகை. யாரும் இதற்குப் பெரிய பெயரெல்லாம் வைக்கவில்லை.

இந்தப் பொந்துகள் இருந்தவரை கூகை குடியிருக்கத் தனியாகப் பெட்டி தேவைப்படவில்லை. இருபதாம் நூற்றாண்டில் பழைய களஞ்சியங்கள் இடிந்தன, அல்லது குடியிருக்கும் வீடுகளாயின. வயது முதிர்ந்த எல்ம் மரங்களின் பொந்துகளில் தங்கலாம் என்றால், 1970களில் பரவிய பூஞ்சை நோயில் அந்த மரங்களும் லட்சக்கணக்கில் பட்டுப்போயின. 1932ல் ஜார்ஜ் பிளேக்கர் எடுத்த கணக்கில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சுமார் 12,000 ஜோடிக் கூகைகள். 1980களில் காலின் ஷாயர் மறுபடி எண்ணியபோது மூன்றில் ஒரு பங்கை ஒட்டியே தேறியது. மேய்ச்சல் புல்வெளி சுருங்கியது, சாலையில் அடிபடுவது என்று அதற்குக் காரணங்கள் பல. ஆனால் உடனே கைகொடுக்க முடிந்த காரணம் வீடு ஒன்றுதான். பிரிட்டனில் பெட்டி அப்படிப் பரவியது, பறவையைக் காப்பதற்காக. எலி ஒழிந்தால் அது உபரி லாபம்.

அதே பெட்டி எலி பிடிக்கும் வேலைக்கென்றே போனது மலேசியாவில்.

செம்பனை ஆப்பிரிக்க மரம். சிலாங்கூரில் தென்னமரம் தோட்டத்தில் 1917ல் அதை வணிகத்துக்காக முதலில் நட்டார்கள். 1960களில் ரப்பரை அழித்துச் செம்பனை போடும் வேகம் பிடித்தது. பால்மரம் வெட்டிய தமிழர் பலர் குலை வெட்டக் கற்றுக்கொண்டார்கள். செம்பனைப் பழத்தில் எண்ணெய்ச் சதை. எலிக்கு வருஷம் முழுக்க விருந்து. தோட்டத்து எலி வீட்டெலி அல்ல, மரமேறும் காட்டெலி. மட்டைக்கும் தண்டுக்கும் இடையில் அடுக்கடுக்காக ஒளிய இடம். எலி கொறித்தே எண்ணெய் விளைச்சலில் நூற்றுக்கு ஐந்து பங்கு வரை போகிறது என்று தோட்டப் பூச்சியியலாளர் பிரையன் வுட் கணக்கிட்டார். போதாக்குறைக்கு, 1981ல் மகரந்தம் பரப்புவதற்காகக் கேமரூனிலிருந்து ஒரு சிறு வண்டைக் கொண்டுவந்து விட்டார்கள். காய்ப்பு நன்றாகப் பிடித்தது. அந்த வண்டின் புழுக்கள் உதிரும் ஆண்பூவில் வளரும். எலி அந்தப் புழுவையும் தின்னப் பழகி, புரதத்தில் கொழுத்தது.

மலேசியத் தீபகற்பத்தில் கூகை அதுவரை அரிது. 1960களின் கடைசியில் தெற்கே ஜொகூர் செம்பனைத் தோட்டத்தில் அது இனப்பெருக்கம் செய்தது பதிவானது. செம்பனை பரவப் பரவக் கூகையும் வடக்கே ஏறியது. தோட்டத்து பங்களாக்களின் கூரை இடுக்குகளில் முட்டையிட்டது. ஜே.இ. டக்கெட் என்ற தோட்டக்காரர், எலியை அடக்க இந்தப் பறவை உதவும் என்று 1976ல் தோட்டக்காரர்களின் பத்திரிகையில் எழுதினார். மலாயாப் பல்கலைக்கழகத்தில் கிரஹாம் லென்டன் கூகை கக்கிய உருண்டைகளைப் பிரித்துப் பார்த்ததில் உணவு கிட்டத்தட்ட முழுவதும் எலி. ஆக, தீனிக்குக் குறைவே இல்லை. அப்படியானால் ஆயிரக்கணக்கான ஏக்கரில் கூகை ஏன் இல்லை? வரிசை பிசகாமல் நட்ட செம்பனையில் பொந்து கிடையாது. கூரை உள்ள பங்களா தோட்டத்துக்கு ஒன்றோ இரண்டோ. எலி எத்தனை பெருகினாலும், முட்டையிட இருட்டான ஒரு மூலை இல்லாவிட்டால் கூகை பெருகாது. இந்தக் கதையில் எனக்குப் பிடித்த கண்டுபிடிப்பு இதுதான். எலிப் பிரச்சினை என்று எல்லாரும் எலியையே பார்த்துக்கொண்டிருந்தபோது, தட்டுப்பாடு வீட்டுக்குத்தான் என்று சிலருக்கு உறைத்தது.

பெட்டி ஒன்றும் பெரிய வித்தை இல்லை. ஒட்டுப்பலகையில் செய்து, மேலே தகரமோ பலகையோ போட்டுச் சாய்வாகக் கூரை வைத்து, நாலைந்து மீட்டர் உயரக் கம்பத்தில் ஏற்றி மரங்களுக்கு நடுவே நட்டுவிடுவார்கள். ஆனால் அளவில் கோட்டை விட்டால் காரியம் கெடும். கூகை சுள்ளி பொறுக்காது, கூடு பின்னாது. வெறும் தரையில், தான் கக்கிய உருண்டைத் தூளின்மேல் முட்டையிடும். இரண்டு மூன்று நாளுக்கு ஒரு முட்டை. முதல் முட்டை விழுந்ததுமே அடைகாக்கத் தொடங்கிவிடும். ஆகவே குஞ்சுகளும் அதே இடைவெளியில் பொரிந்து, மூத்ததற்குச் சிறகு முளைக்கும்போது கடைக்குட்டி பஞ்சுருண்டையாகத்தான் இருக்கும். பசித்த குஞ்சுகள் இரை வரும் வாசலுக்கு முண்டியடிக்கும். துளை தாழ்வாக இருந்தால் பறக்கத் தெரியாத குஞ்சு வெளியே விழும். தரையில் விழுந்த குஞ்சைத் தாய் பெரும்பாலும் கவனிப்பதில்லை. பெட்டியின் அடித்தளத்துக்கும் துளைக்கும் நடுவே ஒன்றரை அடி ஆழம் வேண்டும் என்று பிரிட்டிஷ் ஆர்வலர்கள் வற்புறுத்துவது இதனால்தான். இருட்டும் அவசியம். பகலில் வெளியே வந்த கூகை காக்கையிடம் படும் பாட்டை வள்ளுவரே சொல்லியிருக்கிறார்.

பருந்தையோ கழுகையோ வைத்து இந்த வேலையைச் செய்ய முடியாததற்கு ஒரு காரணம் உண்டு. அவை பெரும்பாலும் தங்கள் வேட்டை எல்லைக்குள் இன்னொரு ஜோடியை அண்டவிடா. கூகை பொந்துக்குச் சண்டை போடும். வேட்டை நிலத்துக்குப் போடாது. பக்கத்துப் பெட்டியில் இன்னொரு குடும்பம் வந்தால் அதற்கு ஆட்சேபணை இல்லை. அதனால்தான் மலேசியத் தோட்டங்களில் பத்து ஹெக்டேருக்கு ஒன்று, பிறகு ஐந்து ஹெக்டேருக்கு ஒன்று என்று நெருக்கமாக நட முடிந்தது. இன்னொன்று அதன் காது. இடக்காதும் வலக்காதும் ஒரே மட்டத்தில் இல்லை. ஒன்று சற்றே மேலே, ஒன்று கீழே. சத்தம் வரும் உயரத்தையும் திசையையும் ஒரே நேரத்தில் அது பிடித்துவிடுகிறது. ஒளியே இல்லாத அறையில் ஓடும் எலியைக் கூகை பிடிப்பதை ரோஜர் பெய்ன் சோதித்துக் காட்டினார். மூளையில் அந்தக் கணக்கு எப்படி நடக்கிறது என்பதை மசகாசு கொனிஷி பல பத்தாண்டுகள் ஆராய்ந்தார்.

மலேசியாவில் எல்லாம் சுமுகமாக நடந்துவிடவில்லை. தோட்டங்களில் ஏற்கெனவே மெழுகில் வார்ஃபரின் கலந்த எலிமருந்துக் கட்டி வைப்பார்கள். அந்த மருந்து எலியைக் கொல்ல அது பல நாள் தொடர்ந்து தின்ன வேண்டும். 1980களின் தொடக்கத்தில் எலிகளுக்கு அது மரத்துப்போகத் தொடங்கியது. அதற்குப் பதில் வந்தது புரோடிஃபாகூம் வகை. ஒரு தடவை தின்றால் போதும். ஆனால் எலி உடனே சாகாது. சில நாள் தள்ளாடித் திரியும். தள்ளாடும் எலியைப் பிடிப்பது கூகைக்கு எளிது. விஷம் எலியின் ஈரலிலிருந்து கூகையின் ஈரலுக்குப் போய்த் தங்கிவிடும். பெட்டிகள் காலியாகத் தொடங்கின. கூகையைப் பற்றி முதலில் எழுதிய அதே டக்கெட், 1984ல் இந்த விஷத்தைப் பற்றியும் எழுத வேண்டிவந்தது. பெட்டியை நட்ட கையாலேயே விஷத்தையும் வைத்தால் இதுதான் கதி.

விஷத்தில் தொடங்கிப் பெட்டிக்கு வந்த கதை இஸ்ரேலுடையது. 1950களில் அங்கே வயல் எலிக்குத் தாலியம் சல்பேட் தோய்த்த கோதுமையை இறைத்தார்கள். எலியோடு இரைகொல்லிப் பறவைகளும் கூட்டம் கூட்டமாகச் செத்தன. 1970களின் நடுவில் ஹூலா பள்ளத்தாக்கில் மோனோகுரோட்டோபாஸ் அடித்ததில் மறுபடி அதே கதை. நம் பருத்திக் காடுகளிலும் நெல் வயல்களிலும் நன்றாகத் தெரிந்த மருந்துதான் அது. பெய்த் ஷெஆன் பள்ளத்தாக்கில் ஸ்தே எலியாஹு என்ற கூட்டுப்பண்ணை ரசாயனமில்லா வேளாண்மைக்கு மாறியிருந்தது. பேரீச்சையும் குதிரைமசாலும் விளையும் பூமி. குதிரைமசால் வயலை உழுவதே அரிது என்பதால் எலிவளைகள் கலையாமல் பெருகும். 1983ல் அங்கே கூகைக்குப் பதினான்கு பெட்டிகள் வைத்தார்கள். பலித்தது. டெல் அவீவ் பல்கலைக்கழகப் பறவையியலாளர் யோசி லெஷெம் இந்த முயற்சியை எடுத்துப் பரப்பினார். 2008ல் அது அரசின் தேசியத் திட்டமாயிற்று. பிறகு பெட்டிகள் ஆயிரக்கணக்காயின.

ஒரு சிக்கல் பாக்கியிருந்தது. பள்ளத்தாக்கின் நடுவே ஓடுவது யோர்தான் ஆறு. அக்கரை வேறு நாடு. கூகைக்கு எல்லைச்சாவடி கிடையாது. இக்கரையில் விஷத்தை நிறுத்தி, அக்கரையில் வைத்தால் இக்கரைக் கூகை சாகும். 2002 வாக்கில் யோர்தானின் ஓய்வுபெற்ற ராணுவத் தளபதி மன்சூர் அபு ராஷித் இதில் கைகோத்தார். எதிரெதிர் அணியில் இருந்த படைகளின் முன்னாள் மனிதர்கள் எலிக்காக உட்கார்ந்து பேசினார்கள். அக்கரை விவசாயிகளிடமும் கூகை என்றால் கெட்ட சகுனம் என்ற பயம் பலமாக இருந்தது. வாட்டர்டனைப் போல மிரட்டிக் காரியம் சாதிக்க முடியாது. பெட்டி வைத்த வயலையும் வைக்காத வயலையும் காட்டித்தான் பேச வேண்டும். இக்கரைக் கூகையும் அக்கரைக் கூகையும் ஜோடி சேர்ந்ததும் பதிவாகியிருக்கிறது. பத்திரிகைகள் அந்தச் செய்தியைச் சமாதானப் பறவை என்று கொண்டாடின. எனக்கென்னவோ சமாதானத்தைவிட, விஷம் குறைந்ததுதான் இதில் பெரிய செய்தி.

இந்த வெற்றிகளுக்கு முன்பே, எலியை ஒழிக்கக் கூகையையே கூண்டில் பிடித்துக்கொண்டு போனவர்களும் உண்டு. ஹவாய்த் தீவுகளில் கரும்புத் தோட்ட எலிக்காக 1958 முதல் கூகைகளைக் கொண்டுபோய் விட்டார்கள். அங்கே அது கடற்பறவைகளை வேட்டையாடப் பழகியது. இன்று அதை ஒழிக்கத்தான் செலவழிக்கிறார்கள். சீஷெல்ஸ் தீவுகளிலும் 1950 வாக்கில் இதே முயற்சி. எலியை விட்டுவிட்டு வெள்ளை ஆலாக்களைப் பிடித்தது. அங்கே கூகையின் தலைக்கு அரசு பரிசுப்பணமே வைத்தது. பெட்டிக்கும் இதற்கும் நிறைய தூரம். இருக்கும் பறவைக்கு வீடு தருவது ஒன்று. இல்லாத பறவையைத் தீவில் இறக்கிவிடுவது வேறொன்று.

பெட்டி வைத்தால் எலி உண்மையில் குறைகிறதா? பெட்டி வைத்த வயலையும் வைக்காத வயலையும் முறையாக ஒப்பிட்டு, விளைச்சல் வரை கணக்கிட்ட ஆய்வுகள் உலக அளவிலேயே குறைவு. கூகை எத்தனை எலி தின்கிறது என்பது தெளிவாகத் தெரியும். மிச்ச எலி எவ்வளவு வேகத்தில் குட்டி போடுகிறது என்பதுதான் கணக்கைக் குழப்புவது. மலேசியாவில் அனுபவப்பட்ட தோட்டங்கள் கூகையை மட்டுமே நம்பியிருப்பதில்லை. புதிதாகக் கொறிபட்ட குலைகளை எண்ணிப் பார்ப்பார்கள். சேதம் ஓர் அளவைத் தாண்டினால் மட்டும், கூகைக்கு ஆபத்துக் குறைந்த பழைய வகை மருந்தை வைத்து எலியைக் கீழே இறக்குவார்கள். அங்கேயே பிடித்துவைப்பது கூகையின் வேலை. எலி ஏற்கெனவே தலைக்குமேல் போயிருந்தால் பெட்டி மட்டும் காப்பாற்றாது.

தமிழ்நாட்டில் கூகை புதிதாக வர வேண்டியதில்லை. கோயில் கோபுரம், பாழ்மண்டபம், மொட்டைப் பனை என்று எப்போதும் இருந்துவந்திருக்கிறது. 1990களில் மயிலாடுதுறை பக்கம் மன்னம்பந்தல் ஏ.வி.சி. கல்லூரி ஆய்வாளர்கள் காவிரிப் படுகைக் கூகைகள் கக்கிய உருண்டைகளை ஆராய்ந்திருக்கிறார்கள். இரையில் பெரும்பங்கு வயல் எலிகளே. டெல்டாவில் எலிக்குத் தஞ்சாவூர்க் கிட்டி வைப்பது, வளை வெட்டுவது, புகை போடுவது எல்லாம் பழைய முறைகள். நெல் வயலில் டி வடிவக் குச்சி நட்டு ஆந்தை உட்கார இடம் தருவதை வேளாண் துறையும் சொல்கிறது. கதிர் முற்றும் நேரத்தில் நெல் தின்னும் குருவிகள் அதில் உட்காரும் என்பதால் பிடுங்கிவிடவும் சொல்வார்கள். குச்சியில் வந்து உட்காருவது எங்கோ குடியிருக்கும் கூகை. அந்தக் குடியிருப்பு குறைந்துகொண்டே போகிறது. கோபுரத்துக்குத் திருப்பணி செய்யும்போது புறா நுழையாமல் வலை அடிக்கிறார்கள். பாழ்வீடு இடிந்து கான்கிரீட் எழுகிறது. மொட்டைப் பனை செங்கல் சூளைக்குப் போகிறது. பெட்டிக்கு வேலை இருப்பது இங்கேதான்.

விஷத்துக்கும் இங்கே பதில் சொல்லியாக வேண்டும். நம் கடைகளில் எலிக்கென்று கேக் வடிவில் விற்கும் புரோமடியலோனும் புரோடிஃபாகூமின் கூட்டத்தைச் சேர்ந்ததே. ஒரு ஜோடிக் கூகை குஞ்சு வளர்க்கும்போது பெட்டியிலிருந்து ஒரு கிலோமீட்டர் தூரம் வரை சுற்றிலும் சர்வசாதாரணமாக இரை தேடும். அந்த வட்டத்தின் பரப்பு சுமார் 314 ஹெக்டேர். மலேசியாவில் அது ஒரே தோட்டத்துக்குள் அடங்கிவிடும். மேலாளர் ஒருவர் சொன்னால் மருந்து நின்றுவிடும். 2015–16 வேளாண் கணக்கெடுப்புப்படி தமிழ்நாட்டில் ஒரு விவசாயியின் சராசரி நிலம் 0.75 ஹெக்டேர். அதாவது ஒரு பெட்டிக்குச் சுமார் நானூறு பேரிடம் பேச வேண்டும்.